மாடித்தோட்டம்: பைக்கு அடியில் பாருங்கள்

எங்கள் குடியிருப்பில் பொதுத் தோட்டம் போடப் போகிறோம். முதலில் கே.கே.நகரில் ஒரு மாடித்தோட்டத்தைப் பார்த்து வரலாம் என்றிருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, விளாங்குடி)

காலை ஏழு மணிக்குப் போகாதீர்கள். அந்நேரம் எல்லாச் செடியும் நிமிர்ந்துதான் நிற்கும். வைகாசி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேலே ஏறினால் எது துவள்கிறது, நிழல்வலை எங்கே போதவில்லை என்பது கண்ணில் படும்.

செடியை விட முக்கியம், அது வளரும் பையின் அடிப்பக்கம். கேட்டுக்கொண்டு ஒரு பையைச் சாய்த்துப் பாருங்கள். செங்கல் மேல் நிற்கிறதா, தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா? அடியில் ஈரம் காயாமல் கறுத்து, துளை வழியே இறங்கிய வேர் தட்டோட்டு இணைப்புக்குள் போயிருந்தால், கீழ்வீட்டில் ஒழுகப் போகிறது என்று அர்த்தம். பைக்கும் தளத்துக்கும் நடுவே 3 அங்குலம் காற்றோட்டம் கட்டாயம். மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். சருகு அடைத்திருந்தால் ஐப்பசி மழைக்கு மாடியே குளமாகிவிடும்.

பீடி, புகையிலை தொட்ட கையோடு தக்காளி, மிளகாயைத் தொடக்கூடாது. இலையில் திட்டுத் திட்டாக நிறம் மாறும் தேமல் நோயின் வைரஸ் கையோடு வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். நாற்று கொடுத்தால் வாங்கலாம், ஆனால் இரண்டு வாரம் தனியே வைத்து, மாவுப்பூச்சி இல்லை என்று பார்த்தபின் சேருங்கள்.

எத்தனை பை வைக்கலாம்? (திருநகர்)

ஆள் நடமாடும் மாடிக்குக் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி அகலம், ஓரடி உயரப் பையில் வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தொடும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு என்றால் 25 கிலோவுக்குள் நிற்கும். அப்படியும் சதுர மீட்டருக்கு ஆறு பை வைத்தாலே அந்தச் சுமை ஏறக்குறைய நிறைந்துவிடும். பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர், உத்தரம் ஓடும் வரிசையில் வையுங்கள். மரக்கட்டை போட்ட பழைய மச்சு வீடானால் பொறியாளர் பார்க்காமல் ஒரு பைகூட வேண்டாம்.

போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. (வில்லாபுரம்)

உப்பு. மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீரோ மழைநீரோ நிதானமாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். நார்க்கழிவிலும் உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை மூன்று முறை மாற்றிய பிறகே கலக்க வேண்டும்.

மிளகாய் இலை சுருளுகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. (ஒத்தக்கடை)

எந்தப் பக்கம் சுருளுகிறது? மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பூச்சி. இரண்டும் இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சிகள். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி போதும். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் சேருங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு எண்ணெய், அந்த இலை கருகும். சிலந்திப்பூச்சிக்கு நனையும் கந்தகத் தூள் (80 சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும்.

மல்லிகையை எப்போது கவாத்து செய்வது? (அனுப்பானடி)

நவம்பர் கடைசி வாரம், மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேல்கிளைகளை வெட்டுங்கள். மார்ச்சில் மொட்டு வரும்.