ஐந்து சுற்றுக்கு அப்புறம்

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். நான்கு வருடமாக லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில் லேப்டாப் விற்கிறேன். மென்பொருள் கம்பெனி ஒன்றில் விற்பனைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். அலுவலகம் பங்சார் சவுத்தில். மொத்தம் ஐந்து சுற்று. எச்ஆர் போனில் இருபது நிமிடம், பிறகு மேனேஜர், மூன்றாவது ரோல் பிளே, அதாவது அவர்கள் வாடிக்கையாளராக நடிக்க, நான் விற்றுக் காட்டுவது. நான்காவது, முதல் 90 நாளில் என்ன செய்வேன் என்று ஸ்லைடு போட்டு விளக்குவது. அதில் முப்பது நிறுவனங்களின் பெயரும், அங்கே யாரைப் பிடிக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும் என்றார்கள். கடைசியாக சிங்கப்பூர் டைரக்டருடன் வீடியோவில் பேசினேன். அப்புறம் மூன்று வாரம் பதிலே இல்லை. வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று பிறகு இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. ரோல் பிளேயில் நன்றாகத்தான் பேசினேன், தடுமாறவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். என் ஆங்கிலம்தான் காரணமோ? வரும் வியாழக்கிழமை இன்னொரு கம்பெனியில் ரோல் பிளே இருக்கிறது. போகவா, விட்டுவிடவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார், எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

உங்கள் கடிதத்தில் 'தடுமாறவே இல்லை' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பினாங்கில் என் முதல் விற்பனை இண்டர்வியூவில் நானும் தடுமாறவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு நெட்வொர்க் சாதனம் விற்கும் வேலை அது. மனப்பாடம் செய்து போனதைப் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தாமல் கொட்டினேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று பல வருடம் கழித்து, நானே மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் எங்களிடம் மதிப்பெண் தாள் ஒன்று இருக்கும். வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தாரா, கேள்வி கேட்டாரா, பதிலைக் காது கொடுத்துக் கேட்டாரா, அடுத்த சந்திப்புக்கு நாள் வாங்கினாரா என்று வரிசையாகப் போகும். உச்சரிப்புக்கு அதில் இடம் இல்லை. கடைசி வரிதான் பலருக்குத் தெரியாது: திருத்தினால் ஏற்றுக்கொள்கிறாரா? ரோல் பிளே முடிந்ததும் ஒரு குறையைச் சொல்லி, மறுபடி மூன்று நிமிடம் செய்யச் சொல்வோம். முதல் தடவை பிரமாதமாகப் பேசிவிட்டு இரண்டாவது தடவையும் அதையே ஒப்பித்தவர்களை எடுக்கத் தயங்குவோம். தட்டுத்தடுமாறினாலும் சொன்னதை மாற்றிக் காட்டியவரை எடுப்போம்.

பட்டர்வொர்த்தில் இருந்து வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. நான் கிடங்கு மேனேஜராக நடித்தேன். "இப்போது சரக்குக் கணக்கை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் நான்கு நிமிடம் புலம்பினேன், அவர் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் ராத்திரி உட்கார்ந்து சரிபார்ப்பது யார்?" என்றார். நடிப்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்துதான் வந்தன. அன்று மாலையே அவரை எடுக்க முடிவு செய்தோம்.

நீங்கள் கடையில் தினமும் இதைத்தானே செய்கிறீர்கள்? படிக்கவா, கேமுக்கா, எவ்வளவு வரை போகலாம் என்று கேட்காமல் ஒரு பெட்டியையாவது ஷெல்ஃபிலிருந்து எடுப்பீர்களா? இண்டர்வியூ அறைக்குள் போனதும் அதை வாசலிலேயே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். மின்னஞ்சல் பிழையில்லாமல் எழுத வேண்டும், அதைப் பழகிக்கொள்ளலாம். மாண்டரின் சீன மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது வேறு விஷயம். இங்கே எத்தனையோ விளம்பரத்தில் அது இருக்கிறது. சீனர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு விற்பதென்றால் காரணம் உண்டு. கோலாலம்பூரில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவுக்கு விற்கும் வேலைக்கும் அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். எந்தச் சந்தைக்கு விற்க வேண்டும் என்று எச்ஆரின் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள், ஐந்து சுற்று அலைச்சல் மிச்சம்.

அந்த முப்பது நிறுவனப் பட்டியல் மனதை உறுத்துகிறது. வேலையில் சேர்ந்தவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது. ஐந்து பேரை நேர்காணல் செய்தால் 150 பெயர் சும்மா கிடைத்துவிடும். இனி யார் கேட்டாலும் இரண்டு நிறுவனங்களை மட்டும் எடுத்து, அவற்றை ஏன் தேர்ந்தீர்கள், எப்படி அணுகுவீர்கள் என்று காட்டுங்கள். யோசிக்கத் தெரிந்தவரா என்று பார்க்க இரண்டே போதும். பெயரும் போன் எண்ணும் கொடுக்காதீர்கள்.

மூன்று வார மௌனத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். முதல் ஆளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு அவர் கையெழுத்துப் போடும் வரை இரண்டாவது ஆளைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஐந்தாவது சுற்று வரை போன நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருந்திருக்கலாம். அதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிடாது. நானும் அப்படி ஆட்களைக் காக்க வைத்திருக்கிறேன். இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

சம்பளப் பேச்சு வந்தால் ஓடிஇ என்று ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். இலக்கை முழுதாக எட்டினால் கிடைக்கும் மொத்தத் தொகை அது. 8,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 4,000 அடிப்படையாகவும் 4,000 கமிஷனாகவும் இருக்கலாம். வீட்டு வாடகையை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். போன வருடம் இந்தக் குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு முழு இலக்கு எந்த மாதத்தில் தொடங்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கமிஷனுக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) உண்டு. உங்களிடம் 11 சதவீதம் பிடிப்பார்கள். மாத ஊதியம் 5,000 வெள்ளி வரை முதலாளி 13 சதவீதம் போட வேண்டும், அதற்கு மேல் 12. பயணப்படிக்கு ஈபிஎஃப் கிடையாது. கமிஷனைப் 'பயணப்படி' என்று எழுதிய கடிதத்தை நானே ஒரு இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, இரண்டு வருடச் சேமிப்பை இழந்திருக்கிறேன். நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள்.

புதன்கிழமை கடையில் வருகிற முதல் மூன்று பேரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை போங்கள். ரோல் பிளே முடிந்ததும் அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், எதை மாற்ற வேண்டும் என்று நீங்களே கேட்டு இன்னும் மூன்று நிமிடம் வாங்குங்கள். அன்றிரவு எனக்கு எழுதுங்கள், விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா