பணிப்பெண்ணுக்கு எழுதிய கல்லறைப் பாட்டு

அன்புள்ள ஐயா,

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் ஹெரிக்கின் ‘ஹெஸ்பெரிடீஸ்’ கவிதைத் தொகுப்பைப் படித்து வருகிறேன். பாதிரியாராக இருந்துகொண்டு காதலி ஜூலியாவின் பட்டாடையைப் பாடுகிறார். உடனே ஒழுக்கம் போதிக்கிறார். பிறகு சாவைக் கேலி செய்கிறார். இந்த இரண்டடி, நான்கடித் துணுக்குகளைக் கவிதை என்று கொள்வதா, வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்குவதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதிரியார் காதலைப் பாடலாமா என்பதற்கு, தன் பாட்டுதான் களித்தது, வாழ்க்கை தூய்மையானது என்று நூலின் கடைசி அடியில் அவரே பதில் சொல்லிவிட்டார். நம்புவது உங்கள் விருப்பம். நீதி சொல்லும் ஈரடிகளில் பல சப்பென்றிருப்பதும் உண்மைதான்.

ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ள நூலில் பட்டாடையோடு நின்றுவிட்டு, இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டீன் பிரையர் கிராமத்தில் அவருக்குப் பணிவிடை செய்த ப்ரூடென்ஸ் பால்ட்வினைக் கண்டுகொள்ளாமல் தீர்ப்பெழுத வந்துவிட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இச்சிறு கலசத்தில் என் பணிப்பெண் ப்ரூடென்ஸ் இருக்கிறாள், இவளிடமிருந்து ஊதா வயலட் பூக்கட்டும் என்று நான்கே அடிகளில் அவளுக்கொரு கல்லறைப் பாட்டு எழுதியிருக்கிறார். அது 1648இல் அச்சேறியபோது அவள் உயிரோடுதான் இருந்தாள். ஹெரிக் 1674இல் இறந்தார். அவள் 1678 வரை வாழ்ந்தாள்.

இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அவளைப் பற்றிய மற்ற இரண்டு பாடல்களையும் சேர்த்துப் படிப்பதில்லை. ப்ரூ என்று அவர் அழைத்த ப்ரூடென்ஸ் நோயில் விழுந்தபோது, கிறித்தவப் பாதிரியாரான அவர் கிரேக்க மருத்துவ தெய்வமான அஸ்கிளீபியஸை அழைத்து, அவள் பிழைத்தால் அவள் கையாலேயே ஒரு சேவலைப் பலி தருவதாக வேண்டிக்கொள்கிறார். அந்தக் குறும்பு பயத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி. இன்னொன்றில், கோடைப் பறவைகளெல்லாம் பறந்துபோன பிறகும் முதுமையின் குளிரில் நீ மட்டும் என்னோடு தங்கினாய், எல்லாப் பருவங்களிலும் இங்கேயே இரு என்கிறார். கன்னியரைப் பார்த்து ரோஜா மொட்டுகளை இப்போதே பறித்துக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்திய அதே மனிதர், இவளிடம் அவசரமே காட்டுவதில்லை. அவளுடைய விசுவாசத்துக்கு நன்றி சொல்கிறார், போய்விடாதே என்கிறார். காதலியர் பெயரில் எழுதியவற்றைவிட இதையே நான் அவருடைய காதல் கவிதை என்பேன். ஜூலியா என்றொருத்தி இருந்ததற்குச் சான்றில்லை, ப்ரூ இருந்தாள்.

உங்கள் ஆர்வத்தில் எனக்குக் குறையில்லை, அவசரத்தில்தான். அந்தச் சேவல் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.