ஊசி போட்ட மறுநாள் டியூட்டி: செவிலியர்களின் கேள்விகளும் ஒரு மருத்துவரின் பதில்களும்

கேள்வி: 2021-இல் ஐரோப்பாவில் கோவிட் ஊசி போட்ட ஆஸ்பத்திரி ஊழியர்கள் கூட்டமாக லீவு எடுத்தார்களாமே, உண்மையா டாக்டர்?

பதில்: உண்மைதான் சிஸ்டர். அந்தப் பிப்ரவரியில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர மருத்துவமனை ஒன்றில் அஸ்ட்ராஜெனகா போட்டுக்கொண்ட 88 பேரில் 37 பேரால் வேலைக்கு வர முடியவில்லை. ஸ்வீடனின் சோர்ம்லாண்ட் பகுதியில் ஏறக்குறைய 400 பேரில் கால்வாசிப் பேருக்குக் காய்ச்சல், உடல்வலி. அங்கே ஊசியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள்.

நான் இதில் ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும்போது காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் இறங்கிவிடும். வயதானவர்களைவிட இளையவர்களுக்கு இது அதிகம். வார்டில் நிற்பவர்களில் பலர் இளையவர்கள். ஒரே வார்டு ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் போட்டதுதான் கோளாறு. பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே மாதம், ஒரு பிரிவில் இருப்பவர்களுக்குப் பிரித்துப் பிரித்துப் போடச் சொன்னது.

கேள்வி: இங்கே போட்ட கோவிஷீல்டும் அதே ஊசிதானே? இரண்டாம் டோஸ் இன்னும் படுத்துமோ என்று அப்போது பயந்தோம்.

பதில்: அதேதான், புனேயில் தயாரானது. அதில் முதல் டோஸ்தான் படுத்தும், இரண்டாவது லேசு. ஃபைசர், மாடர்னாவில் தலைகீழ். டியூட்டிப் பட்டியல் (ரோஸ்டர்) போடுகிறவர் எந்த ஊசி, எத்தனையாவது டோஸ் என்று கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

கேள்வி: முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வந்தது ஊசிக் காய்ச்சலா, கோவிட்டா என்று எப்படித் தெரியும்?

பதில்: இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், வாசனை தெரியாமல் போவது இவையெல்லாம் ஊசியால் வராது. இருந்தால் உடனே டெஸ்ட். வெறும் காய்ச்சலாக இருந்தாலும் இரண்டு நாளைத் தாண்டினால் டெஸ்ட் எடுங்கள். "ஊசிதான்" என்று நினைத்து நோயாளி பக்கத்தில் போய் நிற்காதீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கேள்வி: அந்த லீவுக்குச் சம்பளம் பிடிக்கிறார்களே?

பதில்: பிடிக்கவே கூடாது. நோயாளிகளைக் காப்பதற்காகவும்தான் போட்டுக்கொள்கிறீர்கள். அமெரிக்காவில் 2021 ஜூனில் வந்த அவசர விதி, ஊசிக்கும் பக்கவிளைவுக்கும் சம்பளத்தோடு நேரம் தரச் சொன்னது. டிசம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். சம்பளம் போகும் என்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசிக்கும் இப்படித் திட்டமிடணுமா?

பதில்: தேவையில்லை. பெரும்பாலும் கைவலியோடு சரி.