வெங்காயத் தோலில் செல் சவ்வு ஏன் தெரிவதில்லை?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தோம். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் கட்டங்கள் தெரிகின்றன. அயோடின் விட்டதும் உள்ளே உட்கருவும் தெரிந்தது. ஆனால் பாடநூலில் செல்சுவர், செல் சவ்வு என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. எங்களுக்கு ஒரே கோடுதான். 1000 மடங்கு நுண்ணோக்கி வாங்கினால் சவ்வு தெரியுமா?

பதில்: தெரியாது, வாங்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த கோடு செல்சுவர். செல்லுலோஸால் ஆன கெட்டியான சட்டம் அது. அதன் உட்பக்கத்தை ஒட்டித்தான் சவ்வு இருக்கிறது. சவ்வின் தடிமன் வெறும் 7 முதல் 10 நானோமீட்டர். ஒரு காகிதத்தின் கனம் வர வேண்டுமென்றால் சுமார் 10,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியாது. இது ஒளியின் அலைநீளத்தால் வரும் வரம்பு. உருவத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டு கோடும் ஒன்றாகத்தான் தெரியும்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவிப் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தாரே, அவர் கண்டதும் சுவர்களை மட்டும்தான். சவ்வு கோடாகத் தெரிந்தது 1950களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில்.

சரி, சவ்வைத்தான் பார்க்க முடியாது. அது வேலை செய்வதை உங்களிடம் இருக்கும் நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். அதற்கு ஊதா நிற வெங்காயம் வேண்டும். வழக்கமாக நாம் உரிப்பது இதழின் உட்பக்கத்தில் சுலபமாக வரும் நிறமற்ற தோல்; இதற்கு அது உதவாது. இதழின் வெளிப்பக்கத்தில் ஊதாவாக இருக்கும் தோல் வேண்டும். கொஞ்சம் முரண்டு பிடிக்கும், நகத்தளவு துண்டு கிடைத்தால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, முதலில் 100 மடங்கில் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் விளிம்புவரை ஊதாவாக நிறைந்திருக்கும். அந்த நிறம் செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நுண்குமிழில், அதாவது சாறு நிறைந்த பையில் உள்ளது. சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவரோரமாக ஒதுங்கி மெல்லிய படலமாக இருக்கும்.

இப்போது 100 மில்லி தண்ணீரில் 8 கிராம் உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்தால் உப்புநீர் தோலுக்கு மேலாக இழுபட்டுப் போகும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் கட்டத்தின் மூலைகளில் ஊதா சுவரைவிட்டு விலகும். சில நிமிடங்களில் முழுவதும் சுருங்கி, கட்டத்துக்குள் ஒரு ஊதா உருண்டைபோல் நிற்கும். சுவர் மட்டும் அசையாது. பிளாஸ்மோலைசிஸ் என்பது இதுதான்.

அந்த உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே இப்போது என்ன இருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்பான். அங்கே இருப்பது நீங்கள் ஊற்றிய உப்புநீர். சுவர் அதைத் தடுக்கவே இல்லை, உள்ளே விட்டுவிட்டது. தடுத்தது உருண்டையின் விளிம்பில் இருக்கும் சவ்வு. அது தண்ணீரைத் தன் வழியே வெளியே விட்டது, உப்பை அவ்வளவு எளிதில் உள்ளே விடவில்லை, ஊதா நிறத்தையும் கசியவிடவில்லை. தேர்வு ஊடுருவும் தன்மை என்று பாடநூலில் இருக்கும் கடினமான சொல்லுக்கு இந்தக் காட்சியைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பாடநூலில் இருக்கும் இரண்டாவது கோடும் இந்த விளிம்புதான். தோராயமாக, ஏனென்றால் நுண்குமிழுக்கும் தனியாக ஒரு சவ்வு உண்டு.

அப்புறம் உப்புநீரை ஒற்றி எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் விடுங்கள். ஊதா மறுபடி விரிந்து கட்டத்தை நிரப்பும். அதிக நேரம் உப்பில் விட்டிருந்தால் திரும்பாது, செல் செத்திருக்கும்.

இன்னொரு துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தும் பாருங்கள். சுவர்கள் அப்படியே இருக்கும், நிறம் கசிந்து போயிருக்கும், உப்புநீர் விட்டாலும் ஒன்றும் நடக்காது. கட்டடம் நிற்கிறது, காவல் போய்விட்டது.

இந்தக் காவல் எதனால் ஆனது? பெரும்பாலும் கொழுப்பாலும் புரதத்தாலும். அந்தக் கொழுப்பில் முக்கியமானது பாஸ்போலிப்பிட். அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரை ஒதுக்கும் வால்கள் இரண்டு. தண்ணீரில் இவை தாமாகவே இரண்டு வரிசையாகச் சேரும்: தலைகள் வெளியே, வால்கள் உள்ளே. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துப் பரப்பிப் பார்த்து, அது செல்லின் பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை அடைப்பதை வைத்தே இரண்டு அடுக்கு என்று சொல்லிவிட்டார்கள். சவ்வை ஒருவரும் பார்த்திராத காலம் அது!

நடுவில் இருக்கும் கொழுப்பு உப்பின் அயனிகளை, அதாவது மின்சுமையுள்ள துகள்களைத் தடுக்கிறது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் சில தண்ணீருக்கான வாசல்கள். சில ஆற்றலைச் செலவிட்டு இயங்கும் பம்புகள். நம் செல்களில் உள்ள ஒரு பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. ஆகவே சவ்வு வெறும் பை என்று மட்டும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நம் செல்களுக்குச் சுவர் கிடையாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால், தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் ஊதி வெடித்துவிடும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்புநீராக இருப்பது இதனால்தான்.

தேர்வில் மகன் இரண்டு கோடும் வரையட்டும். ஆய்வுக் குறிப்பேட்டில் மட்டும் கண்ணால் பார்த்ததை வரையச் சொல்லுங்கள்: தண்ணீரில் ஒரு கோடு, உப்புநீரில் சுவரும் அதைவிட்டு விலகிய ஊதா விளிம்பும்.