எஸ்.எம்.பி.எஸ். போச்சா, இல்லை முரண்டு பிடிக்கிறதா?

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப், பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிட்டது. பவர் பட்டனை அமுக்கினால் விசிறி லேசாக அசைந்து நின்றுவிடுகிறது. மறுபடி அமுக்கினால் அந்த அசைவுகூட இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) காலி, புதிதாக வாங்கு என்கிறார் நண்பர். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எஸ்.எம்.பி.எஸ். மேல் எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பச்சை விளக்கையே எடுத்துக்கொள்வோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஸ்டாண்ட்பை என்று தனியாக ஒரு குட்டி சர்க்யூட் உண்டு. பிளக் மாட்டியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அது 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். விளக்கு எரிகிறது என்றால் உள்ளே ஃப்யூஸ் போகவில்லை. அடுத்து, விசிறி அசைந்து நிற்பது. பெரிய சர்க்யூட் கிளம்புகிறது, எங்கோ ஷார்ட் இருப்பதைப் பார்க்கிறது, உடனே தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பல எஸ்.எம்.பி.எஸ்.களில் இப்படி ஒருமுறை பூட்டிக்கொண்டால், சுவர் மின்சாரத்தை எடுத்துவிட்டுக் கொடுக்கும் வரை அது மறுபடி முயற்சியே செய்யாது. இரண்டாம் முறை அமுக்கும்போது ஒன்றுமே நடக்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அதாவது, அது தன் வேலையைத்தான் செய்கிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அமுக்கிப் பிடியுங்கள். விளக்கு மங்கி அணையும். சில நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள். மறுபடி அதே அசைவு வந்தால் ஷார்ட் அடிக்கும் ஆசாமியைத் தேட வேண்டியதுதான். பிராசஸர் (அதன் விசிறியோடு), ஒரு ராம், இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், முன்பக்க யு.எஸ்.பி. ஒயர், எல்லாம்தான். ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளக்கை எடுத்துவிட்டுத்தான்.

நான் முதலில் பார்ப்பது ஹார்ட் டிஸ்க்கை. யாரும் அதைச் சந்தேகப்படுவதே இல்லை. பல டிஸ்க்குகளின் அடிப்பலகையில், பவர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கறுப்பாக ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கும். வோல்ட்டேஜ் எகிறினால் அது தான் அடிபட்டு ஷார்ட் ஆகி, டிஸ்க்கைக் காப்பாற்றும். அப்புறம் அந்த ஒரு டையோடினால் மொத்தக் கம்ப்யூட்டரும் கிளம்பாது. டிஸ்க்கின் பவர் ஒயரைக் கழற்றியதும் எல்லாம் ஜோராக ஓடும். பழைய நான்கு முள் ஒயரிலிருந்து சாட்டாவுக்கு (இப்போதைய டிஸ்க்குகளில் இருக்கும் தட்டையான கனெக்டர்) மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றிய வகையில் உள்ளே ஒயர்கள் உரசிக் கருகுவது உண்டு. முன்பக்க யு.எஸ்.பி. ஓட்டைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த முள் ஒன்று தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் கழற்றியும் அதே கதையா? பிராசஸருக்கு அருகில் போகும் 4 அல்லது 8 முள் ஒயரை மட்டும் உருவிவிட்டுப் பட்டனை அமுக்குங்கள். இப்போது விசிறி நிற்காமல் சுற்றினால், மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி ஷார்ட். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் அதே அசைவுதான் கிடைத்திருக்கும். போர்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் போங்கள்.

அதிலும் மாற்றம் இல்லையென்றால்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு எல்லா ஒயரையும் உருவுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 முள் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு பிளக்கை மாட்டுங்கள். மாட்டியபின் கிளிப்பைத் தொடாதீர்கள். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் குத்துமதிப்பாகக் கிளிப் செருகாமல், கையேட்டில் படத்தைப் பாருங்கள். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை காட்ட வேண்டும். சாம்பல் ஒயரில் 5 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று போர்டுக்குச் சொல்வது அதுதான். விசிறி சுற்றாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். சூடு ஏறாமல் விசிறியைச் சுற்ற விடாத மாடல்கள் இப்போது நிறைய. அளவுகள் சரியாக வந்தாலும் முழு நற்சான்று கொடுத்துவிட முடியாது, சுமை ஏறியதும் படுத்துவிடுபவை உண்டு. அதற்கு, நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

அப்படி மாற்றும்போது, ஒயர்களைத் தனியாகக் கழற்றும் வகை என்றால் பழைய ஒயரைப் புதியதில் செருகவே கூடாது. வாய் பொருந்தும், முள் வரிசை பொருந்தாது, டிஸ்க்குகள் பொசுங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

கேள்வி: எனக்கு விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. மின்வெட்டுக்கு முன்பு நன்றாக ஓடியது.

பதில்: பின்பக்க ஸ்விட்சைப் பாருங்கள். மானிட்டரின் பவர் கார்டு பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். அதை மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஊதா ஒயரில் 5 வோல்ட் வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போனதுதான். மேலே சொன்ன ஸ்டாண்ட்பை பகுதி இரவு பகலாக உழைப்பது. அதன் சின்னக் கெபாசிட்டர்கள் உலர்ந்துபோயிருந்தாலும் ஓடுகிற வரை ஓடும். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் மறுபடி கிளம்பத் தெம்பிருக்காது.

கேள்வி: ராமை ரப்பரால் துடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: விசிறி சுற்றி, திரையில் எதுவும் வராதபோது அதைச் செய்யலாம். விசிறியே சுற்றாத கம்ப்யூட்டருக்கு ரப்பர் என்ன செய்யும்?