பல்வலிக்கு மலைப்பூண்டை நசுக்கி வைக்கலாமா? உப்பு, கிராம்பு உண்மையிலேயே கேட்குமா?

பூண்டு வேண்டாம். நானே வைத்துப் பார்த்தவன். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு, அடுப்புப் புகையில் கொத்தாகத் தொங்கும். ஒரு பூண்டுப் பல்லை நசுக்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தூங்கிவிட்டேன். விடிந்தபோது வலி அப்படியே இருந்தது. ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. சோறு இறங்கவே மூன்று நாள் ஆயிற்று.

உப்பு நல்லது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டு அரை நிமிஷம் கொப்பளித்துத் துப்புங்கள். ஈறு வீக்கம் கொஞ்சம் வடியும், இடுக்கில் சிக்கியதும் வந்துவிடும்.

கிராம்பில் இருக்கும் யூஜெனால் வலியை மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும்போது துத்தநாக ஆக்சைடோடு குழைப்பதும் இதைத்தான். வலிக்கும் பல்லருகே ஒரு கிராம்பை மெல்லக் கடித்து வைத்தால் போதும். கிராம்பு எண்ணெயை நேராக விட்டால் சுடும். சொத்தை மட்டும் அப்படியேதான் இருக்கும்.

எலுமிச்சை பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கும், அடுப்புக்கரி அதைத் தேய்த்துவிடும். நல்லெண்ணெய் கொப்பளிக்கலாம், ஆனால் ஃபுளோரைடு பேஸ்டால் இரண்டு வேளை துலக்குவதை அதற்காக விடக் கூடாது.

மலைக்காரர்களுக்கு உண்மையான வில்லன் டீ. டீத்தூளைச் சொல்லவில்லை, குளிருக்கு நாளெல்லாம் உறிஞ்சுகிறோமே, அந்தச் சர்க்கரையைச் சொல்கிறேன். ஒவ்வொரு டம்ளருக்கும் வாயில் அமிலம் ஊறும்.

கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கிராம்பைத் தேடாமல் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.