சரவணம்பட்டியில் மெஸ் போட பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை, வயது 37. கைக்கு வருவது 95,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து மாதச் செலவு 70,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 20,000. எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் சேர்த்து 18 லட்சம், பி.எஃப். 9 லட்சம் இருக்கிறது. இந்த கம்பெனியில் சேர்ந்து 4 வருஷம் 5 மாதம். அப்பாவுக்கு சர்க்கரை உண்டு, கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் ஓடுகிறது. வேலையை விட்டுவிட்டு சரவணம்பட்டியில் 30 பேர் உட்காரும் மெஸ் போட ஆசை, 25 லட்சம் ஆகும் என்கிறார்கள். பி.எஃப்.பை எடுக்கலாமா? சம்பளம் வரும்போதே பர்சனல் லோன் வாங்கி வைத்துக்கொள் என்கிறான் நண்பன், அது சரியா?

பதில்: ரெண்டுமே வேண்டாம். மெஸ்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை, 25 லட்சத்தில் வேண்டாம்.

கடை திறக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள், திறந்த பிறகு வீடு எப்படி ஓடும் என்று போடவில்லை. மனைவி சம்பளம் போக மாதம் 50,000 துண்டு விழும். அதைக் கல்லாவிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் மளிகைக்காரருக்கும் கறிக்கடைக்கும் பாக்கி நிற்கும், அப்புறம் சரக்கின் தரம் இறங்கும், சாப்பிட வருகிறவருக்கு அது நாலே நாளில் தெரிந்துவிடும். ஆகவே 18 மாதத்துக்கு 9 லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சம் 9 லட்சம், அதுதான் உங்கள் முதல்.

இப்போது 30 பேர் மெஸ்ஸைப் பாருங்கள். வாடகை 40,000, மாஸ்டரும் ஆட்களும் சேர்ந்து 1,10,000, கரண்ட் மற்றதெல்லாம் 20,000 என்று வைத்தால் மாதம் 1,70,000 எப்படியும் போகும். சரக்கும் கேஸும் விற்பனையில் 45 சதவீதம் தின்னும். வீட்டுக்கு 50,000 எடுக்க வேண்டுமானால் மாதம் 4 லட்சம் விற்க வேண்டும். அந்த ஏரியாவில் சனி, ஞாயிறு ஆபீஸ் கூட்டம் இருக்காது, 22 நாள்தான் என்றால் 120 ரூபாய் சாப்பாடு தினம் 150 போக வேண்டும். மதியம் ரெண்டு மணி நேரத்துக்குள் 30 நாற்காலியில் அஞ்சு பந்தி! வொர்க் ஃப்ரம் ஹோம் நாட்களை நான் இதில் கழிக்கவே இல்லை.

ஜி.எஸ்.டி.யும் சேர்க்கவில்லை. சாதாரண ரெஸ்டாரண்டுக்கு 5 சதவீதம்தான், ஆனால் நீங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 5 லட்சத்துக்கு இன்டீரியர் செய்தால் அதன் மேல் 18 சதவீதம், 90,000, உங்கள் கைக்காசு. ஸ்விக்கி, ஸொமேட்டோ வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு வரியை அவர்களே கட்டுவார்கள், கமிஷன் மட்டும் உங்கள் லாபத்தில் பெரிய பங்கைக் கொண்டுபோகும்.

9 லட்சத்தில் என்ன செய்யலாம்? 40,000 வாடகைக் கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 4 லட்சம் அங்கேயே காலி, அதனால் அந்தக் கடையை மறந்துவிடுங்கள். உள்ளே கொஞ்சம் தள்ளி, 15,000 வாடகையில், பார்சலும் ஆபீஸ் மொத்த ஆர்டரும் எடுக்கிற மாதிரி பத்து நாற்காலிக் கடை போதும். அடுப்பு, கிரைண்டர், ஃப்ரீஸரெல்லாம் மூடின ஓட்டல்களிலிருந்து செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். முக்கியமாக, மாஸ்டர் சொல்லாமல் நின்றுவிடும் நாளில் நீங்களே 60 பேருக்குச் சமைக்க முடிய வேண்டும். இது முடியாதென்றால் வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு ஒரு கேட்டரிங்காரரிடம் போய்ப் பழகுங்கள்.

பி.எஃப்.பில் மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம் தாண்டியிருந்தால் எடுக்கும்போது வரி இல்லை, பழைய கம்பெனிக் கணக்கை மாற்றியிருந்தால் அந்தக் காலமும் சேரும். வரி இல்லை என்பதற்காக எடுத்துவிடாதீர்கள், கடை நொடித்தால் மிஞ்சப்போவது அந்த 9 லட்சம்தான். பர்சனல் லோனுக்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும், கடைக்கு அப்போது ஷட்டர்கூட மாட்டியிருக்க மாட்டீர்கள். கடன் அவசியமென்றால், சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் கேளுங்கள், புதியவர்களுக்கு 10 லட்சம் வரை உண்டு, சொத்து அடமானம் கிடையாது.

ராஜினாமாவை ஏழு மாதம் தள்ளிப் போடுங்கள். அஞ்சு வருஷம் முடிந்தால் கம்பெனி தரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும், பேசிக் சம்பளம் 50,000 என்றால் சுமார் 1,44,000 ரூபாய். அதற்குள் அப்பாவுக்குத் தனியாக ஒரு மெடிக்கல் பாலிசி, சர்க்கரையை மறைக்காமல் எழுதி, இந்த மாதமே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அதில் ஏழு மாதமாவது கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே கழியும்.